முட்டுகிற மாடும் கைப்பிடிச் சுவரும்

விருதுநகர் மாவட்டத்தில் சில ஊர்ப் பெயர்களைச் சொன்னால் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் ஆண்டுதான். முதலிப்பட்டி என்றால் 2012. அச்சங்குளம் என்றால் 2021. ரெங்கபாளையம் 2023, ராமுதேவன்பட்டியும் செங்கமலப்பட்டியும் 2024, சின்னக்காமன்பட்டி 2025. கொடை விழாவாலோ சந்தையாலோ கண்மாயாலோ அறியப்பட்டிருக்க வேண்டிய சிற்றூர்கள் இவை. இன்று பட்டாசு ஆலை வெடித்த ஊர்களாக மட்டும் வெளியுலகுக்குத் தெரிகின்றன. மல்லாங்கிணறு இந்தச் சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தின் நடுவில் உள்ள ஊரன்று. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையில், கரிசல் காடும் மானாவாரி வெள்ளாமையுமாகக் கொஞ்சம் விலகியே இருப்பது. ஆனால் அந்த விலகலும் இப்போது குறைந்துவிட்டது. 2024 மே 1, உழைப்பாளர் நாளன்று, காரியாபட்டி பக்கம் கீழ உப்பிலிக்குண்டு கல்குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில், அதே காரியாபட்டி அருகே வடகரையில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து மறுபடியும் உயிர்கள் போயின. இந்த மரணங்களைக் கிறிஸ்தவ விசுவாசம் எந்தக் கணக்கில் வைக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி எளிதாகத் தோன்றலாம். மனித உயிர் புனிதமானது என்று சொல்லாத சபை உலகில் இல்லை. ஆனால் அந்தச் சொல் நம் பிரசங்கங்களில் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். கருக்கலைப்பைப் பற்றிப் பேசும்போது வரும். தற்கொலை, கருணைக்கொலை, தூக்குத் தண்டனை என்று பேசும்போது வரும். மருந்து கலக்கும் அறையில் ஒரு பெண் கருகிப் போனால் அது "விபத்து" என்ற தலைப்புக்குப் போய்விடுகிறது. அதற்கு ஜெபம் உண்டு, அனுதாபம் உண்டு, சில நேரம் காணிக்கையும் உண்டு. உயிரின் புனிதம் என்ற பேச்சு மட்டும் அங்கே எழுவதில்லை. யாரும் திட்டமிட்டு அவளைக் கொல்லவில்லையே என்பதுதான் காரணம். புனிதம் என்பதைக் கொலைக்கு எதிரான தடை என்ற அளவில் மட்டும் நாம் புரிந்துவைத்திருக்கிறோம். அந்தப் புரிதல் வேதத்தின்படி குறையுள்ளது, பாதி உண்மைதான் என்பது என் வாதம். வேதம் காட்டுகிற புனிதம், கொல்லாதே என்று சொல்வதோடு நின்றுவிடுவதில்லை. ஒருவன் சாகாதபடி முன்கூட்டியே கட்டிவை, கட்டிவை என்று உடைமைக்காரனை நெருக்குகிறது. கட்டாதவன்மேல் இரத்தப்பழியை வைக்கிறது.

முதலில் அடிப்படை. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. பழைய எகிப்திலும் பாபிலோனிலும் தெய்வத்தின் சாயல் என்ற பட்டம் பெரும்பாலும் அரசனுக்கு உரியது. ஆதியாகமம் அதை எடுத்து ஆணுக்கும் பெண்ணுக்குமாக, குலமோ பதவியோ குறிப்பிடாமல், எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறது. இதிலிருந்து ஒன்று உறுதியாகிறது. மனிதனின் மதிப்பு அவனுடைய உழைப்பிலிருந்தோ, புத்தியிலிருந்தோ, குடும்பத்துக்கு அவன் கொண்டுவரும் கூலியிலிருந்தோ பிறக்கவில்லை. வேலை செய்ய முடியாதபடி வெந்துபோன கை உள்ளவனுக்கும், முந்தின நாள் இருந்த அதே மதிப்பு இன்றும் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு நோவாவிடம் கடவுள் இரத்தத்தைப் பற்றிக் கணக்குக் கேட்பேன் என்று சொல்லும் இடத்தில் காட்டுகிற காரணமும் இந்தச் சாயல்தான். அங்கே மனிதனிடம் மட்டுமின்றி மிருகத்தினிடமும் கணக்குக் கேட்பேன் என்கிறார். மிருகத்துக்குக் கொலைநோக்கம் கிடையாது. நோக்கம் இல்லாத இடத்திலும் உயிருக்குக் கணக்கு உண்டு என்ற எண்ணம், மோசேயின் சட்டம் எழுதப்படுமுன்பே வேதத்தில் நுழைந்துவிட்டது.

அந்த எண்ணத்தை மோசேயின் சட்டம் இரண்டு எடுத்துக்காட்டுகளால் விரித்துக் காட்டுகிறது. முதலாவது உபாகமம் 19-ஆம் அதிகாரத்தில் வருவது. இரண்டு பேர் காட்டுக்கு விறகு வெட்டப் போகிறார்கள். ஒருவன் கோடரியை ஓங்கும்போது இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து மற்றவனைக் கொன்றுவிடுகிறது. முன்பகை கிடையாது, எச்சரிக்கை கிடையாது, எதிர்பார்க்கவும் வழியில்லை. அவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது, அவனும் சும்மா வீட்டுக்குப் போய்விடுவதில்லை. எண்ணாகமத்தின்படி பிரதான ஆசாரியன் இறக்கும்வரை அந்தப் பட்டணத்திலேயே இருக்க வேண்டும். குற்றமில்லாத கை செய்த மரணமும் ஒருவனுடைய வாழ்க்கையை இடம்பெயர்க்கும் அளவுக்குக் கனமானது. இரண்டாவது எடுத்துக்காட்டு யாத்திராகமம் 21-இல் உள்ளது. ஒருவனுடைய மாடு ஒரு மனிதனை முட்டிக் கொன்றால் மாடு கல்லெறியுண்டு சாகும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பிருந்தே முட்டுகிற மாடு, அதைச் சொந்தக்காரனுக்கு எடுத்துச் சொல்லியும் ஆகிவிட்டது, அவனோ அதைக் கட்டிவைக்கவில்லை என்றால் கதை வேறு. மாட்டோடு அவனும் சாவுக்குரியவன். அவன் யாரையும் தொடவில்லை. அந்த நேரத்தில் அவன் வயலிலோ வீட்டிலோ தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். தெரிந்திருந்தும் கட்டிவைக்கவில்லை என்ற ஒன்றே அவனைக் கொலையாளியின் பக்கத்தில் நிறுத்துகிறது. மாடு வளர்க்கிற நாட்டில், முட்டுகிற மாட்டின் கொம்பில் துணியோ மணியோ கட்டி எச்சரித்துப் பழகிய ஊர்களில், இந்தச் சட்டத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

ஆகவே சிவகாசி வட்டாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இங்கே நடப்பது கழன்று விழுந்த கோடரியா, முட்டுகிற மாடா? விடை சொல்வதற்கு அந்த அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலை என்பது ஒரே கட்டடம் அன்று. வெற்றுப் பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஒரு வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் அதே காரணத்துக்காகத்தான். வாசலில் பதித்த உலோகத் தகட்டில் கையை வைத்து, உடலில் ஏறியிருக்கும் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். செருப்பு கூடாது, நைலான் சேலை கூடாது, பொறி பறக்கும் இரும்புக் கருவி கூடாது. ஃபேன்சி ரகங்களுக்கான மணி மருந்தை அளவுக்கு மேல் குவிக்கக் கூடாது. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்த கலவையில் ஈரம் சேர்ந்தால் அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் தாமாகவே சூடேறும் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும் பெண்ணின் முழங்கை வரைக்கும், சில நேரம் காது மடலிலும் புருவத்திலும், அந்தப் பவுடர் வெள்ளிப் பூச்சாக மின்னும். இரண்டு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் அது தங்கிவிடும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் அங்கே வேலை செய்யவில்லை, யாரும் வேலை வாங்கவும் இல்லை. நான் மேலே சொன்ன ஒவ்வொரு விதியும் ஏற்கெனவே யாரோ செத்ததால் எழுதப்பட்ட விதி. மாடு முட்டும் என்பது சொல்லப்பட்டாகிவிட்டது.

அதன் பிறகும் அது அவிழ்ந்தே நிற்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அந்த ஆலையில் வேலை நடந்தது என்று அப்போதே செய்தி வந்தது. யாத்திராகமத்தின் வாசகத்துக்கு இதைவிட நெருக்கமான ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை என்ற சொல் நாடு முழுவதும் பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்து வேறு பலருக்கு விட்டிருப்பார். குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்பதால் நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்களை வைப்பார், வராந்தாவிலும் மரத்தடியிலும் வேலை நடக்கும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "உராய்வு காரணமாக வெடித்தது" என்று முதல் செய்தி வருகிறது. உராய்வு உண்மைதான். ஆனால் உராய்வு ஓர் அறையில் ஒருவரையோ இருவரையோ கொல்லும். பத்துப் பேரையும் இருபது பேரையும் கொல்வது அங்கே இருக்கக் கூடாத எண்ணிக்கையில் ஆட்களும் மருந்தும் இருந்த நெரிசல். கோடரியின் இரும்பு கழன்றதற்குப் பொறுப்பாளி இல்லாமல் போகலாம். நெரிசலுக்கு எப்போதும் பொறுப்பாளி உண்டு.

இங்கே ஒரு பதில் உடனே வரும், அதைத் தொழிலாளர்களே கூடச் சொல்வார்கள். விதியை மீறுவது முதலாளி மட்டுமா? சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவசரப்படுவது யார்? மருந்தை அழுத்தி இடிப்பது யார்? வீட்டில் கருந்திரி சுற்றுவது யார்? இது பொய்யில்லை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் வேகமாக வேலை செய்கிறார், வேகத்தில் கவனம் போகிறது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்தது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். எகிப்தில் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் வைத்த பார்வோன், இஸ்ரவேலரைச் சோம்பேறிகள் என்றுதான் சொன்னான். வேலையின் அளவை நிர்ணயிக்கிறவன் வேலை செய்கிறவனின் குணத்தைப் பழிப்பது அவ்வளவு பழையது. கவனக்குறைவான ஆளை என்ன செய்வது என்பதற்கு உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் நேரான விடையும் இருக்கிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டு, இல்லாவிட்டால் யாராவது அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது அந்தச் சட்டம். மாடியிலிருந்து விழுகிறவன் எப்படிப்பட்டவன்? பேச்சு சுவாரசியத்தில் பின்னால் நடந்தவனாக இருக்கலாம், தூக்கக் கலக்கத்தில் எழுந்தவனாக இருக்கலாம், குடித்தவனாகவும் இருக்கலாம். விழுந்தவன் கவனமாக இருந்தானா என்று சட்டம் விசாரிக்கவே இல்லை. மனிதன் தடுமாறுவான் என்பதை முன்னமே ஒப்புக்கொண்டு, அந்தத் தடுமாற்றம் மரணமாக முடியாதபடி சுவர் எழுப்பும் கடமையை வீட்டுக்காரனிடம் கொடுக்கிறது. உயிர் புனிதம் என்ற போதனை செங்கல்லும் சாந்துமாக மாறுகிற இடம் இதுதான். கவனமாக இருப்பவர்களுக்கு மட்டும் வாழ உரிமை உண்டு என்றால், அது தேவசாயலைப் பற்றிய பேச்சே ஆகாது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. கரிசல் மண்ணில் மழையை நம்பி எத்தனை நாள் வாழ்வது? 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததும், பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்ததும் இந்தப் பகுதியைப் பஞ்சத்திலிருந்து தூக்கி நிறுத்தின. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இங்கே தயாராகிறது. நேரடியாகவும் மறைமுகமாகவும் பல லட்சம் பேர் இதில் பிழைக்கிறார்கள். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டையும் சரவெடியையும் தடைசெய்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்று இங்குள்ளவர்களைக் கேட்டால் தெரியும். உயிர் புனிதம் என்று சொல்லி ஆலையை மூடினால் பசியில் சாகும் உயிர் புனிதமில்லையா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் இது ஆலையை மூடச் சொல்கிறவருக்கு உரிய கேள்வி. யாத்திராகமம் மாட்டை வளர்க்காதே என்று சொல்லவில்லை, உபாகமம் மாடியே கட்டாதே என்று சொல்லவில்லை. கட்டிவை, சுவர் எழுப்பு என்கின்றன. பிழைப்பா பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே ஏழையிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி. பாதுகாப்பான அறைக்கு ஆகும் செலவு பெட்டியின் விலையில் சில ரூபாயாக ஏறும், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் பட்டாசு வாங்கும் நாம்.

உயிருக்கு முதலிடம் கொடுத்தால் தொழில் அழிந்துவிடும் என்ற பயத்துக்கு இந்த மாவட்டத்தின் வரலாறே மறுமொழி வைத்திருக்கிறது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசியின் 221 பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் 27,338 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. கணக்கில் வராத பிள்ளைகள் இன்னும் அதிகம் என்று அந்தக் காலத்திலேயே பேசப்பட்டது. பிள்ளைகளின் விரல்தான் சிறியது, அவர்கள் இல்லாமல் தொழில் நடக்காது, குடும்பமும் பிழைக்காது என்று அன்று சொல்லப்பட்ட வாதத்தை இன்றைய வாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு சொல் மாறாது. 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வேலைக்கு வைத்தவர்களுக்கு உத்தரவிட்டது. பள்ளிகள் வந்தன, மதிய உணவு ஏற்கெனவே இருந்தது, பெற்றோரின் மனமும் மாறியது. பிள்ளைகள் பெருமளவில் வெளியே வந்தார்கள். தொழில் நின்றுவிடவில்லை. அன்று பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்ததை இன்று அவர்களுடைய தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் செய்ய முடியாது என்பதை எப்படி நம்புவது?

இன்னொரு மறுப்பு சபைக்குள்ளிருந்தே வருகிறது. அதை மறுப்பு என்று சொல்வதா ஆறுதல் என்று சொல்வதா என்று தெரியாத அளவுக்கு மென்மையான குரலில் வருகிறது. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்துக்கொண்டார், அவர் சித்தம் என்பார்கள். பக்கத்து வீட்டில் இதையே தலையெழுத்து என்பார்கள். யோபு அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொன்னவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவே. அவர் நண்பர்கள் அவருடைய துன்பத்துக்குக் காரணம் கற்பித்தபோது கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். இழந்தவரின் வாயில் விசுவாசமாக இருக்கும் சொல், இழக்கச் செய்தவரின் வாயிலோ பார்த்துக்கொண்டு நின்றவரின் வாயிலோ அதே சொல்லாக இருக்காது. இதற்கு மேலும் ஓர் இடம் உண்டு, நம் போதகர்கள் அதை அதிகம் எடுப்பதில்லை. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைக் குறிப்பிடுகிறார். அன்றைய எருசலேமில் எல்லாரும் அறிந்த ஒரு கட்டட விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். இறந்தவர்களின் வாழ்க்கையில் காரணம் தேடும் கதவை அத்தோடு அடைத்துவிடுகிறார். பிறகு உயிரோடு இருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே என்கிறார். வழக்கமாக இதைத் தனிமனிதப் பாவங்களுக்கான எச்சரிக்கையாக மட்டும் வாசிக்கிறோம். கோபுரம் விழுந்த ஊரில் மனந்திரும்புதல் என்றால், அடுத்த கோபுரத்தை எப்படிக் கட்டப்போகிறோம் என்பதும் அதில் அடங்காதா? ஒரு விபத்துக்குப் பின் எதையும் மாற்றாத ஊர், சீலோவாமைப் பற்றிக் கேள்விப்பட்டும் மனந்திரும்பாத ஊர்தான்.

இதற்கெல்லாம் கிறிஸ்தவம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. கொல்லாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு உயிரைக் காக்கிறது. போபால் நச்சுவாயு விபத்து நடந்த மறு ஆண்டு டெல்லியில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, அபாயகரமான தொழிலை நடத்துகிறவர் அதன் தீங்குக்கு எந்த விதிவிலக்கும் இன்றி முழுப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. முட்டுகிற மாட்டுச் சட்டத்தையும் தாண்டிப் போகிற தீர்ப்பு அது. எச்சரிக்கப்பட்டானா என்றுகூட அது கேட்பதில்லை. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே உயிரின் அருமை தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர், புகையைப் பார்த்துச் சுற்று ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். என்ன சமயம், என்ன சாதி என்று பார்த்துவிட்டு அவர்கள் ஓடவில்லை. விசுவாசம் கொடுப்பது வேறொன்று. உயிருக்கு மதிப்பு உண்டு என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகும், யாருடைய உயிருக்கு எவ்வளவு என்று நாம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்தக் கணக்கை உடைக்கிற செய்தி சிலுவையில் இருக்கிறது.

யாத்திராகமம் 21-ஐ முழுவதும் வாசித்தால் நமக்குச் சங்கடமான ஒரு வரி எதிர்ப்படும், அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. முட்டுகிற மாடு ஓர் அடிமையைக் கொன்றால் சொந்தக்காரன் சாக வேண்டியதில்லை. அடிமையின் எஜமானுக்கு முப்பது வெள்ளிச் சேக்கல் கொடுத்தால் போதும். சுயாதீனனுக்கு உயிருக்கு உயிர், அல்லது அந்த உயிரை மீட்க விதிக்கப்படும் பணம்; அடிமைக்கோ வெறும் ஒரு தொகை. வேதமே உயிருக்கு விலை போட்டுவிட்டதே என்று எதிராளி கேட்டால், ஆம், அந்தக் காலத்துச் சமூகத்தின் தழும்பு அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மத்தேயுவின் சுவிசேஷத்தில் யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கும் தொகை அதே முப்பது வெள்ளிக்காசு. முட்டுப்பட்டுச் செத்த அடிமைக்கு எழுதிவைத்த விலை கடவுளின் குமாரனுக்கு விலையாகிறது. கிறிஸ்தவன் இதற்குப் பிறகு எந்த மரணத்தையும் பார்த்து, போனது கூலிக்காரன் உயிர்தானே, தொகையைக் கொடுத்து முடித்துவிடலாம் என்று நினைக்கவே முடியாது. அந்த விலைச்சீட்டில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அச்சங்குளத்தில் இறந்தவர்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலா 20 லட்சம் ரூபாய் என்றது. சின்னக்காமன்பட்டியில் இறந்தவர்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் தலா 4 லட்சம். நிவாரணம் வேண்டும், இன்னும் கூடுதலாகவும் வேண்டும். பிள்ளைகளின் படிப்பு அதில்தான் நிற்கிறது. ஆனால் அதை விலையாக எண்ணும் மனம் ஆபத்தானது. யூதாஸ் திருப்பி எறிந்த காசை இரத்தக்கிரயம் என்று சொல்லிக் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்த ஆசாரியர்களுக்கே அது விலையாகாது என்று தெரிந்திருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டை வெளியிட்டபோது, உயிருக்கு எதிரான குற்றங்களைப் பட்டியலிட்டது. கொலை, இனப்படுகொலை, கருக்கலைப்பு, கருணைக்கொலை என்று தொடரும் அந்த வரிசையிலேயே, மனிதனை ஆதாயத்துக்கான கருவியாக நடத்தும் கேவலமான வேலைச் சூழலையும் அது சேர்த்தது. அறுபது ஆண்டுகளாகப் பட்டியலின் முன்பகுதி பேசப்படுகிறது, பின்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கருவில் இருக்கும் உயிருக்காகக் குரல் கொடுப்பது சரி. அதே பிள்ளை இருபது வயதில் மணி மருந்து உருட்டப் போகும்போதும் அந்தக் குரல் தொடர்ந்து ஒலிக்க வேண்டும். இந்த மண்ணில் இதைச் சொல்லும் கடமை சபைக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று. கேம்பிரிட்ஜிலிருந்து வந்து வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லித் திரிந்த ராக்லண்ட், 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே உயிர்விட்டார். முதல் தீப்பெட்டி ஆலை வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே சபை இங்கே இருந்திருக்கிறது. அந்த அறைகளில் வேலை செய்கிறவர்களில் நம் சபையார் இருக்கிறார்கள். உரிமம் வைத்திருப்பவர்களிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் இரவிலும் ஆலயத் திருவிழாவிலும் வானில் சிதறும் ஒளி அந்தக் கைகளில் உருண்டு வந்ததுதான்.

உபாகமம் 21-இல் ஒரு சடங்கு சொல்லப்பட்டிருக்கிறது. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யார் என்று தெரியவில்லை. அப்போது மூப்பர்கள் வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலும் உள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த ஊர் மூப்பர்கள் முன்வந்து, கடவுளுக்கு முன்பாகக் கைகழுவி, இந்த இரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை, எங்கள் கண்கள் காணவில்லை என்று அறிக்கையிட வேண்டும். அவர்கள் கொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வராமல் இருக்க அவர்களுக்கு உரிமையில்லை. கிட்டத்தில் இருப்பதே பொறுப்பைக் கொண்டுவந்துவிடுகிறது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை, காரியாபட்டி, மல்லாங்கிணறு என்று எந்த ஊர்ச் சபையானாலும் இந்த அளவு நாடாவை எடுத்துப் பார்க்கட்டும். பக்கத்து ஆலையில் ஓர் அறைக்கு எத்தனை பேர், உள்குத்தகை உண்டா, மிச்ச மருந்தை இரவில் என்ன செய்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் சபையாரிடம் கேட்கட்டும். ஆலை நடத்தும் சபையாரைப் போதகர் தனியே சந்தித்து, அந்த முட்டுகிற மாட்டைப் பற்றிச் சொல்லட்டும். சொன்ன பிறகு எனக்குத் தெரியாது என்ற பதில் அவருக்கு இருக்காது. இறந்தவர்களின் பிள்ளைகள் இப்போது எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்ற கணக்கு ஒவ்வொரு சபையின் பதிவேட்டிலும் இருக்கட்டும். திருவிழாவுக்கு வெடி வாங்கும் ஆலயக் குழு, அது உரிமம் பெற்ற ஆலையில் செய்ததா என்று கேட்டு, இரண்டு ரூபாய் கூடினாலும் கொடுத்து வாங்கட்டும். ஆலை வேன் திங்கட்கிழமை விடியற்காலையில் ஊருக்குள் வந்துவிடும். போதகர்கள் ஞாயிறு ஆராதனையிலேயே இதைப் பேச வேண்டும்.